மாமா யார், மாமாக் யார்?

பினாங்கில் வளர்ந்து கோலாலம்பூரில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார்: "அம்மாவின் தம்பி, அத்தையின் கணவர், பெண் கொடுத்தவர் மூவரையுமே மாமா என்கிறோம். மலாய் நண்பர்கள் ரொட்டிக் கடைக்காரரை மாமாக் என்கிறார்கள். எல்லாம் ஒரே சொல்லா? இது தமிழா, வடமொழியா?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அதில்தான் சண்டை அதிகம், சரக்கு குறைவு.

சமஸ்கிருதத்தில் தாயின் உடன்பிறந்தவனுக்கு முறையான சொல் மாதுல. நம் பழைய நூல்களில் மாதுலன் என்று வருவது அதன் தமிழ் உரு. மாம என்பதும் அந்த மொழியில் உண்டு, ஆனால் வீட்டில் நெருங்கி அழைக்கும் சொல்லாக. இந்தியில் மாமா, சிங்களத்தில் மாமா, தெலுங்கில் மாம, கன்னடத்தில் மாவ, மலையாளத்தில் மாமனும் அம்மாவனும். வடக்கும் தெற்கும் இப்படிப் பங்குபோட்டு வைத்திருக்கும் சொல்லை ஒரு பக்கத்துக்குப் பட்டா எழுதிக்கொடுக்க முடியாது. 'மா' என்றால் பெரிய, 'மன்' என்றால் மன்னன், ஆகவே மாமன் பெரிய மன்னன் என்று மேடைகளில் பிரித்துக் காட்டுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கும். கைதட்டுவதோடு விட்டுவிடுங்கள்.

மொழியியலார் வேறு வழியில் போகிறார்கள். பல் முளைக்காத குழந்தைக்கு இரண்டு உதடுகளை ஒட்டித் திறந்தால் வருகிற ஒலிகள் ம, ப. பொருள் எதுவும் இல்லாமல்தான் குழந்தை அதைச் சொல்கிறது. பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள், "என்னைத்தான் கூப்பிடுகிறது" என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். ரோமன் யாக்கப்சன் என்ற அறிஞர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். எந்த ஒலி யாருக்குப் போகும் என்பது அந்தந்தச் சமூகம் தீர்மானிப்பது. ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் அப்பா. அம்மாவுக்கு அங்கே தேதா. ஆக, ஒலி எங்கிருந்து வந்தது என்பதைவிட, அம்மாவை ஒட்டிப் பிறந்த ஓர் ஒலியை அம்மாவின் உடன்பிறந்தவனுக்குக் கொடுக்க நம் ஆட்களுக்கு ஏன் தோன்றியது என்பதே நல்ல கேள்வி.

தமிழுக்குள்ளேயே இந்தச் சொல்லுக்குச் சுற்றம் பெரிது. மாமன், மாமி, மாமனார், மாமியார், அம்மான், அம்மாமி. இவற்றில் அம்மான் என்பது யாழ்ப்பாணத்தாரிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மலேசியாவிலும் இலங்கை வழித் தமிழர் வீடுகளில் கேட்கலாம். தேவாரத்தில் இறைவனை அம்மான் என்று பாடுவது தலைவன் என்ற பொருளில். அம்மானின் பிள்ளை, அதாவது அம்மான் சேய், பேச்சில் அம்மாஞ்சி ஆனான். மாமன் மகன் என்ற கௌரவமான உறவுச்சொல், பிறகு எப்படியோ ஏமாளிக்குப் பெயராகிவிட்டது. எத்தனை மாமன் மகன்கள் சேர்ந்து அதைச் சாதித்தார்களோ!

இனி மூவருக்கும் ஒரே சொல் ஏன் என்பது.

பெரியப்பா, சித்தப்பா என்ற சொற்களுக்குள் அப்பா இருக்கிறார். பெரியம்மா, சின்னம்மாவுக்குள் அம்மா இருக்கிறார். அப்பாவின் சகோதரரும் அம்மாவின் சகோதரியும் நமக்கு இன்னொரு அப்பா, இன்னொரு அம்மா. அவர்களின் பிள்ளைகள் நமக்கு அண்ணன், தங்கை. அங்கே கல்யாணப் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அப்பாவின் சகோதரியிடமும் அம்மாவின் சகோதரரிடமும் வரும்போது சொல் சட்டென்று மாறுகிறது. அத்தை, மாமா. அந்தச் சொற்களுக்குள் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அவர்களின் பிள்ளைகள் உடன்பிறப்புகள் அல்லர், முறைப்பையன், முறைப்பெண்.

இரண்டு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் என்ன ஆகும்? உங்கள் அப்பா ஒரு வீட்டில் பெண் எடுக்கிறார். அந்த வீட்டுப் பையனுக்கு உங்கள் அத்தையைக் கொடுக்கிறார்கள். இப்போது உங்கள் அம்மாவின் சகோதரரும் உங்கள் அத்தையின் கணவரும் ஒரே ஆள். அவர் மகளை நீங்கள் கட்டினால் உங்கள் மாமனாரும் அவரே. மூன்று நாற்காலி, உட்கார்ந்திருப்பவர் ஒருவர். அந்த மாதிரித் திருமணம் உங்கள் குடும்பத்தில் நடக்காமலே இருக்கலாம்; சொல் மட்டும் பழைய கணக்கை வைத்திருக்கிறது. மதுரைப் பக்கம் அக்காவின் கணவரையும் மாமா என்பார்கள். அக்காள் மகளை மாமன் கட்டும் வழக்கம் உள்ள இடத்தில் அதுவும் கணக்கில் சரியாகவே வருகிறது.

இந்தக் கணக்கைப் பார்த்து வியந்தவர்களில் ஒருவர் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க வழக்கறிஞர். நியூயார்க் பகுதி இரகுவா பழங்குடியினரின் உறவுமுறையைத் திரட்டியவர், தமிழரின் உறவுமுறைப் பட்டியல் கைக்கு வந்ததும் இரண்டும் இவ்வளவு ஒத்திருக்கிறதே என்று திகைத்தார். 1871இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இதையே சான்றாக வைத்தார். உறவுச்சொற்களை வைத்து அப்படி நிறுவ முடியாது என்று பின்னால் வந்தவர்கள் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் மானிடவியலில் 'திராவிட வகை உறவுமுறை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. நம் வீட்டுப் பிள்ளை மூன்று வயதில் பிழையில்லாமல் சொல்லும் ஒன்றை விளக்க அவர்களுக்கு வரைபடங்கள் தேவைப்படுகின்றன.

நான் முக்கியம் என்று நினைப்பது இதற்கு அடுத்த படி. அப்பா வழி ஆண்களுக்குத் தமிழில் இன்னொரு பெயர் உண்டு: பங்காளி. பங்கு உள்ளவன். சொத்து, வரப்பு, கிணறு, கோயில் மரியாதை எல்லாவற்றிலும் அவனுக்கு உரிமை. ஆகவே எல்லாவற்றிலும் அவனோடு வழக்கு. மாமன் மச்சான் என்றால் அந்தப் பங்கு இல்லாதவன். உங்கள் சொத்தில் அவன் கேட்க ஒன்றுமில்லை. அவன் கொடுப்பான்: பெண்ணைக் கொடுப்பான், சீர் கொடுப்பான், பஞ்சாயத்தில் உங்கள் பக்கம் நின்று குரல் கொடுப்பான். வேறு வீட்டுக்காரன், ஆனாலும் உங்கள் வீட்டோடு கட்டுண்டவன். மாமா என்ற சொல்லின் மையம் இதுதான் என்பது என் முடிவு. மற்ற பொருள்கள் எல்லாம் இங்கிருந்து கிளைத்தவை.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 'மாமனாக வந்து வழக்குரைத்த படலம்' என்று ஒன்று இருக்கிறது. மதுரையில் தனபதி என்ற வணிகர், பிள்ளை இல்லாததால் தங்கை மகனைத் தன் மகனாக எடுத்து, சொத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டுத் தவம் செய்யப் போய்விடுகிறார். தாயத்தார் வந்து சொத்தைப் பறித்துக்கொள்கிறார்கள். தாயும் மகனும் சோமசுந்தரர் சன்னிதியில் போய் அழ, இறைவனே தனபதியின் உருவில் வந்து அவையில் வழக்காடிச் சொத்தை மீட்டுக் கொடுக்கிறார். பறித்தவர்கள் பங்காளிகள், காக்க வந்தவர் மாமன். கடவுள் எத்தனையோ வேடம் போடலாம். நாதியற்ற பையனுக்கு உதவ இந்த வேடம்தான் பொருந்தும் என்று கதை சொன்னவருக்குத் தெரிந்திருக்கிறது. கெட்ட மாமன்களும் நமக்கு உண்டு, மறுக்கவில்லை. கம்சனும் சகுனியும் தாய்மாமன்களே. ஆனால் அவர்கள் வடக்கிலிருந்து வந்த கதைகளின் ஆட்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

முருகனிடம் வந்தால் கணக்கு இன்னும் அழகு. திருப்புகழில் மருகோனே, மால்மருகா என்ற விளிகள் அடிக்கடி வரும். உமையின் அண்ணன் திருமால். ஆகவே முருகன் அவருக்கு மருமகன். கந்தபுராணக் கதையில் திருமாலின் மகள்கள் இருவர் தெய்வானையாகவும் வள்ளியாகவும் பிறந்து முருகனை மணக்கிறார்கள். அதாவது மாமன் மகள்களையே கட்டினான், ஆகவே மருமகன். சகோதரியின் மகன், மகளின் கணவன் என்று மருமகன் என்ற சொல்லுக்கு உள்ள இரண்டு பொருளும் ஒரே தெய்வத்திடம் கூடி நிற்கின்றன. தைப்பூசத்தன்று பத்துமலையிலும் பினாங்குத் தண்ணீர்மலையிலும் திரளும் கூட்டம் கும்பிடுவது, முறைப்பெண்ணைக் கட்டிய ஒரு முறைமாப்பிள்ளையை.

சட்டத்திலும் மாமன் இருக்கிறார் என்றால் நம்புவீர்களா? மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தை ஆள்வது 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன் 11ஆம் பிரிவு யார் யாரை மணக்கக்கூடாது என்று பட்டியல் போடுகிறது. தாத்தா, பாட்டி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர் என்று போய், பெற்றோரின் உடன்பிறந்தோரையும் உடன்பிறந்தோரின் பிள்ளைகளையும் சேர்க்கிறது. பிறகு ஒரு விலக்கு: இந்து ஒருவர், இந்துச் சட்டப்படியோ வழக்கப்படியோ தன் சகோதரியின் மகளையோ, பெண்ணாக இருந்தால் தன் தாயின் சகோதரரையோ மணப்பதை இந்தப் பிரிவு தடுக்காது. அப்பாவின் சகோதரருக்கு அந்த விலக்கு இல்லை, தாய்மாமனுக்கு மட்டும். பங்காளியும் மாமனும் வேறு வேறு என்ற நம் வீட்டுக் கணக்கு, கோலாலம்பூரில் அச்சான சட்டத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக நான் பரிந்துரைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நெருங்கிய இரத்த உறவில் மணந்தால் பிறக்கும் குழந்தைகளுக்குப் பரம்பரை நோய்களின் அபாயம் கூடுகிறது என்று மருத்துவர்கள் சொல்வது சரியே. வழக்கமும் நம் கண்முன்னே தேய்ந்துகொண்டுதான் வருகிறது.

தேயாமல் இருப்பது சடங்கு. காது குத்த மாமன் மடி வேண்டும். பெண் பெரியவளானால் பச்சை ஓலைக் குடிசை கட்டுவதும் முதல் புடவை எடுப்பதும் மாமன். கல்யாணத்தில் மாமன் வீட்டு மாலை. தோட்டங்களில் கங்காணியின் ஆளாகக் கப்பலேறி வந்தவர்கள் பலருக்கு உடன்பிறந்தவன் ஊரிலேயே தங்கிவிட்டான். அந்தத் தலைமுறையில், பக்கத்து வரிசை வீட்டுக்காரரே மாமனாக உட்கார்ந்து காது குத்திய கதைகளைப் பழைய தோட்டத்துக் குடும்பங்களில் கேட்கலாம். மாமன் இல்லாவிட்டால் மாமன் ஒருவரை உண்டாக்கிக்கொள்ள வேண்டும், சடங்கு நிற்காது.

இப்படி உண்டாக்கிக்கொள்ள முடிவதுதான் அந்நியரையும் மாமா என்று அழைக்க வழி விடுகிறது. தெரியாத பெரியவரை நாம் ஏன் சித்தப்பா என்பதில்லை? சொன்னால் அவருக்குப் பங்கு வந்துவிடும். மாமா என்றால் மரியாதையும் ஆயிற்று, வேலிக்கு வெளியேயும் நிற்கிறார். நேருவை இந்திக் குழந்தைகள் சாச்சா என்றார்கள், அதாவது சித்தப்பா. தமிழில் அவர் நேரு மாமா ஆகிவிட்டார். யாரும் உட்கார்ந்து தீர்மானம் போடவில்லை. மொழியே அவரைத் தூக்கி மறுபக்கத்தில் வைத்தது. நிலாவும் நமக்கு அம்புலி மாமாதான்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இதைச் சோதித்துப் பார்க்க நல்ல வசதி இருக்கிறது. ஹொக்கியன் பேசும் சீனர், தெரியாத பெரியவரை ஆ பெக் அல்லது ஆ செக் என்பார். இரண்டுமே அப்பாவின் சகோதரர்கள். தாய்மாமனுக்கு அவர்களிடம் ஆ கூ என்று தனிச்சொல் உண்டு; அதை வழியில் போகிறவருக்குக் கொடுப்பதில்லை. வானத்தில் பெரியவர் வானக்கடவுள், பூமியில் பெரியவர் தாய்மாமன் என்ற பொருளில் அவர்களிடம் ஒரு பழமொழியே இருக்கிறது. மலாய்க்காரர் பாக் சிக் என்பார். சின்ன அப்பா என்பதே அதன் பொருள். ஒரே பஸ் நிறுத்தத்தில் நிற்கும் ஒரு கிழவர், ஒரு பிள்ளைக்கு அப்பாவின் தம்பி, இன்னொரு பிள்ளைக்குச் சின்ன அப்பா, தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் அம்மாவின் அண்ணன்.

மாமாக்குக்கு வருவோம்.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் 1801இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எழுந்தது. அதற்கு முன்பே சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களும் மாலுமிகளும் கூலிகளும் அங்கே வந்துவிட்டார்கள். பிறகு இராமநாதபுரம், நாகூர், கடையநல்லூர் என்று ஊர் ஊராக வந்தார்கள். தோளில் காவடித் தண்டு போட்டு, இரண்டு முனையிலும் சோறும் கறியும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றதிலிருந்து வந்ததுதான் நாசி கண்டார் என்ற பெயர். மலாயில் சோற்றுக்கு நாசி, அந்தத் தண்டுக்குக் கண்டார் என்று பெயர். இவர்கள் வீட்டில் அத்தா, வாப்பா, உம்மா, காக்கா, நானா, லாத்தா என்று நமக்குக் கொஞ்சம் வேறான உறவுச்சொற்கள் உண்டு. ஆனால் மாமா பொது. கடையில் மூத்தவரை இளையவர்கள் மாமா என்று கூப்பிட, அதைக் கேட்ட மலாய்க்காரர் மாமாக் என்றார் என்பது பரவலான விளக்கம். கடைசியில் அந்த 'க்' எங்கிருந்து வந்தது என்றால், மலாய் உறவுச்சொற்களைப் பாருங்கள்: எமாக், பாப்பாக், காக்காக், ஆடேக், நேனேக். ஏறக்குறைய எல்லாமே தொண்டையில் ஒரு பிடிப்போடு முடிகின்றன. மாமாவும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது இயல்பு.

ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. மாமாக் என்ற சொல் மலாயில் சோற்றுக் கடைக்கு வெகுகாலம் முன்பே இருந்தது. சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களுக்கு மாமாக் என்றால் தாய்மாமன்தான். தாய்வழிச் சமூகமாகிய அவர்களிடம் குடும்பத்தின் தலைவரே அவர். தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொள், மருமகனைக் கைப்பிடித்து நடத்து என்பது அவர்களின் முதுமொழி. பழைய மலாய்க் கதைகளில் அரசர் தம் பெண்டஹாராவை, அதாவது முதலமைச்சரை, மாமாக் பெண்டஹாரா என்று விளிப்பார். மலாக்காவின் கடைசிக் காலப் பெண்டஹாரா துன் முத்தாகிர் தென்னிந்திய முஸ்லிம் வழி வந்தவர். அவருடைய சகோதரி துன் செனாஜாதான் சுல்தான் மஹ்மூத் ஷாவின் தாய். ஆகவே அந்த விளி மரியாதைக்குச் சொன்னது மட்டுமன்று, இரத்த உறவாகவும் உண்மை. 1510இல் அந்த மாமனைக் கொல்லச் சொல்லி ஆணையிட்டவர் அந்த மருமகனே. அடுத்த ஆண்டு போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆக, மாமாக் தமிழிலிருந்து போனது என்று அடித்துச் சொல்பவரும், அது சுத்த மலாய் என்பவரும் பாதிப் பாதி சொல்கிறார்கள். மலாய்க்காரரிடம் சொல் முன்பே இருந்தது. தமிழ் முஸ்லிம் வாயிலிருந்து வந்தபோது, இது நமக்குத் தெரிந்ததாயிற்றே என்று காது பிடித்துக்கொண்டது. ஒரு சமூகத்தின் பெயராக அது ஒட்டிக்கொள்ளத் தமிழ் வழக்கே காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. சில தமிழ் முஸ்லிம்களுக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. ஆளைப் பார்த்து மரியாதையோடு சொல்வதும், 'அந்த மாமாக்' என்று சுட்டிப் பேசுவதும் ஒன்றல்லவே. தமிழ்நாட்டிலும் மாமா வேலை என்றால் தரகு வேலை, அதுவும் சொல்லக் கூசும் தரகு. மரியாதைச் சொல்லுக்குத்தான் இப்படிப்பட்ட சரிவுகள் வரும். நம் இந்துத் தமிழர் அதே கடைக்காரரைப் பாய் என்கிறார்கள். அது அண்ணன் தம்பியைக் குறிக்கும் வடநாட்டுச் சொல். அவரோ உங்களைத் தம்பி என்பார்.

மாமாவின் மகனுக்கும் இந்த நாட்டில் நல்ல வரவேற்பு. கோலாலம்பூர்ப் பள்ளிப் பிள்ளைகள் இனம் பார்க்காமல் ஒருவரை ஒருவர் மச்சா என்கிறார்கள். சீனப் பையன் மலாய்ப் பையனைப் பார்த்து, நீ என் மாமன் மகன், உன் தங்கை எனக்கு முறை என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். இருவருக்கும் அது தெரியாமல் இருப்பது நல்லது.

மாமாவைத்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கிள் ஆக்கிவிட்டார்கள். இதற்காகப் பலர் வருந்துகிறார்கள். எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஆங்கிலச் சொல் லத்தீனின் அவுங்குலுஸ் என்பதிலிருந்து வந்தது. ரோமானியருக்கு அப்பாவின் சகோதரன் பத்ருவுஸ். அவுங்குலுஸ் என்றால் தாய்மாமன் மட்டுமே. ஐரோப்பா அந்தப் பிரிவை மறந்து எல்லாருக்கும் ஒரே சொல்லைப் போர்த்திவிட்டது. ஆகவே பிள்ளை அங்கிள் என்று அழைக்கும்போதும், வேர் வரை தோண்டினால், மாமா என்றுதான் அழைக்கிறது. உண்மையான இழப்பு சித்தப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும்தான். அவர்களையும் அங்கிள் என்றால் பங்காளி மாமன் ஆகிவிடுகிறார். அவர் பெண் முறைப்பெண் ஆகிவிடுகிறாள்.

இதே கோளாறு மறுபக்கமும் நடக்கிறது. கல்யாணமான இளைஞர்கள் பலர், மாமா என்றால் தூரமாகத் தெரிகிறது என்று மாமனாரையும் அப்பா என்கிறார்கள். பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் உங்களுக்கு அப்பா என்றால், தமிழ்க் கணக்குப்படி உங்கள் மனைவி உங்களுக்குத் தங்கை. வீட்டில் உறவுமுறை தெரிந்த பாட்டி யாராவது இருந்தால், அவர் காதுபட மட்டும் அப்படிக் கூப்பிடாதீர்கள்.